குடும்பத்தில் யாருக்கும் இல்லை

ஜூன் 4, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். குடை கந்தோரில், அலுவலக மேசைக்கடியில். செய்ய வேண்டியவை: கேஸ் சிலிண்டர். தலைமயிர் வெட்டுவது. குளியலறைக் குழாய்க்கு ஆள் பிடிப்பது. தர்ஷியின் இரத்த ரிப்போர்ட்.

கடைசி மட்டும் நடந்தது.

கம்பஸில் ஏதோ முகாம் நடத்தி எல்லாப் பிள்ளைகளுக்கும் விரலில் குத்திப் பார்த்திருக்கிறார்கள். மகளுக்குக் கொழுப்பு கூடுதலாகக் காட்டியதால் வெறும் வயிற்றில் இரத்தம் எடுத்து ஒழுங்காகப் பார்க்கச் சொன்னார்களாம். இருபத்திரண்டு வயது. நாற்பத்தாறு கிலோ. காற்று பலமாக அடித்தால் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று நான் கேலி செய்கிற பிள்ளை.

கவரைப் பிரித்து ஆய்வுகூட வாசலிலேயே நின்று வாசித்தேன். மொத்தக் கொலஸ்ட்ரோல் 318. கெட்டது 236. பக்கத்தில் நட்சத்திரக் குறி. கை நடுங்கியது என்று எழுத ஆசை. நடுங்கவில்லை. எனக்குப் பழக்கமான எண்கள்.

வீட்டில் வசந்தி தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். "இது வேற ஆரின்ரையோ. பேரை மாறி அடிச்சுப்போட்டாங்கள்." பெயரை இரண்டு தரம் எழுத்தெழுத்தாக வாசித்தாள். தர்ஷி டிவி பார்த்துக்கொண்டே, "அம்மா, அது நான்தான். அடையாள அட்டை நம்பரும் இருக்கு" என்றாள். வியாழக்கிழமை டொக்டர்.

ஜூன் 6, வியாழன்

வெயில். ஐந்து மணிக்கு நம்பர், கூப்பிட்டது ஏழுக்கு. மூட்டை மாதிரி உட்கார்ந்திருந்தோம் மூவரும்.

டொக்டர் திகனைப் பக்கத்து முஸ்லிம் பெண். நாற்பது வயதிருக்கும், அவசரமில்லாத ஆள். பிள்ளையின் கண் இமை, விரல் மொளி, குதிகால் எல்லாம் பார்த்தார். குதிகாலைத் தடவியபோது நான் என் காலைக் கதிரைக்குக் கீழே இழுத்துக்கொண்டேன். சப்பாத்துப் போட்டிருந்தேன். இருந்தும் இழுத்தேன்.

"தேங்காய்ப்பால், பட்டர், நெய், இறைச்சிக் கொழுப்பு, பேக்கரிச் சாமான். இந்த மாதிரிக் கொழுப்பு கூடினா கெட்ட கொலஸ்ட்ரோலும் கூடும். ரத்தத்தில இருந்து அத வடிச்சு எடுக்கிற வேல ஈரல்ட வேல. இந்தக் கொழுப்பு அத மந்தமாக்கும். மிஞ்சினது குழாய்ல படிஞ்சு படிஞ்சு, ஒரு நாள் ஹார்ட்ல அடைக்கும்."

"எங்கட வீட்டில இறைச்சியே இல்லை டொக்டர். தேங்காய்ப்பால் மட்டும்தான்," என்றாள் வசந்தி. குற்றவாளிக் கூண்டில் நிற்கிற குரல்.

"அதுவும்தான் அம்மா. ஆனா இந்த உடம்புக்கு, சாப்பாட்டால மட்டும் இவ்வளவு ஏறுறது எனக்குக் கொஞ்சம் சந்தேகம். சில குடும்பத்தில பிறக்கக்குள்ளயே ஈரலுக்கு அந்த வேல சரியா வராது. அப்படீன்டா பத்தியம் மட்டும் காணாது, மருந்தும் தொடங்கோணும். குடும்பத்தில யாருக்காவது இளவயசில ஹார்ட் அட்டாக் வந்திருக்கா? திடீர் மரணம்?"

வசந்தி தன் பக்கத்தைச் சொன்னாள். அப்பாவுக்கு எண்பத்திரண்டு, இன்னும் சாவகச்சேரிச் சந்தைக்குச் சைக்கிளில் போகிறார். அம்மா எழுபத்தெட்டு, வாய் மட்டும் இருபது.

"அப்பா பக்கம்?"

"இல்லை."

"உங்களுக்கு?"

"இல்லை."

"உங்கட வாப்பா... அப்பா இருக்கிறாரா?"

"காய்ச்சலில செத்தவர். நான் சின்னப் பிள்ளை."

மூன்று பொய். ஒன்றுக்கும் யோசிக்கவில்லை. முப்பது வருடம் படிவம் நிரப்பிய கைக்குத் தானாக வருகிறது.

டொக்டர் எழுதினார். நான் தலைகீழாகப் பார்த்தேன், ஆங்கிலத்தில் ஒரு வரி: குடும்பத்தில் யாருக்கும் இல்லை. "அப்ப மருந்துக்கு அவசரப்பட வேணாம். கலியாணம் கட்டிப் புள்ள பெறப் போற வயசு, வயித்தில புள்ள இருக்கக்குள்ள இந்த மருந்து கூடாது. மூணு மாசம் சாப்பாட்டக் கட்டுப்படுத்திப் பார்ப்போம்."

வீட்டுக்கு வரும் வழி முழுக்க வசந்தி ரிப்போர்ட்டை மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தாள். த்ரீவீலில் தர்ஷிதான் பேசினாள், இனித் தின்ன முடியாத பேக்கரிப் பெட்டிஸுக்கு இரங்கல் உரை.

ஜூன் 7, வெள்ளி

சமையலறையில் இருந்து வெளியே போனவை: மாஜரின் டப்பா. நெய்ப் போத்தல் (வசந்தியின் அம்மா அனுப்பியது, திறக்காதது). தேங்காய் ஆறு. தேங்காயெண்ணெய். பால்மாப் பைக்கற். முந்திரிக்கொட்டை போகலாமா என்று தெரியாமல் யன்னலில் இருக்கிறது. எல்லாம் பக்கத்து வீட்டு மெனிக்கேக்கு. அவர் சிங்களத்தில், "என்ன, வீடு மாறுறீங்களா?" என்று கேட்டாராம்.

இரவுச் சாப்பாட்டுக்குப் பால் விடாத பருப்பு, அவித்த பயற்றங்காய். பரிமாறிவிட்டு வசந்தி சுவரைப் பார்த்துச் சொன்னாள்: "இருபத்திரண்டு வருசமா என்ர கையாலதான் பிள்ளைக்கு நஞ்சு குடுத்திருக்கிறன்."

நான், "அப்படிச் சொல்லாதேயும்" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். பயற்றங்காய் நன்றாக இருக்கிறது என்றும் சொன்னேன். சீ.

இந்தக் கொப்பியிலும் எழுதாவிட்டால் எங்கே எழுதுவது. எழுதுகிறேன்.

வசந்தி நினைப்பதுபோல் நான் மாத்தளைக் கடைக்காரக் குடும்பத்துப் பிள்ளை இல்லை. ஹுன்னஸ்கிரியவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டம், தொழிலாளர்களின் லயத்து வரிசையில் ஐந்தாவது காம்பிரா, ஒற்றை அறை. அப்பாவுக்கு ஸ்டோரில் வேலை. தேயிலைத் தொழிற்சாலையை அங்கே அப்படித்தான் சொல்வோம். முப்பத்தொன்பது வயதில் ஸ்டோர் வாசலில் குந்தியவர் எழும்பவில்லை. சின்னண்ணன் நாற்பத்து நான்கில், கொழுந்து நிறுக்கிற இடத்தில். அந்தச் சாவுக்கு நான் காலையில் போய் மத்தியானம் திரும்பினேன். கந்தோரில் கொடுத்த காரணம் வயிற்றுக் கோளாறு. இப்போது மிச்சம் பெரியண்ணன் முத்தையா ஒருவர்தான்.

எங்கள் வீட்டு ஆண்கள் எல்லாருக்கும் குதிகாலுக்கு மேலே நரம்பு தடித்துக் கட்டியாக இருக்கும். மலை ஏறி இறங்கி வந்த காய்ப்பு என்று தோட்டமே சொன்னது. அப்பாவின் கண் இமையில் மஞ்சளாக இரண்டு திட்டு. அதிர்ஷ்ட மச்சமாம். அம்மா அதைத் தொட்டுக் கும்பிட்டதைப் பார்த்திருக்கிறேன்.

படித்தேன், மாத்தளையில் ஒரு கடைக்காரர் வீட்டில் தங்கிப் பரீட்சை எழுதினேன், வேலை கிடைத்தது. கந்தோரில் வசந்தி, தர்ஷி பிறக்கும் வரை அங்கேதான் வேலை. அவள் யாழ்ப்பாணம்; தோட்டக்காட்டானுக்கு அங்கே பெண் கொடுக்க மாட்டார்கள். அவளைப் பார்த்த முதல் கிழமையே 'ஆமாங்க' போய் 'ஓம்' வந்துவிட்டது. கலியாணத்துக்குக் கடைக்காரர் எனக்குச் சித்தப்பாவாக நின்றார். கூடப்பிறந்தவர்கள் இல்லை என்றேன். பெரியண்ணனுக்குச் சொன்னபோது, "நல்லா இருந்தா சரி தம்பி" என்றார். வருடத்துக்கு இரண்டு தரம் கண்டி குட்ஷெட் பஸ் நிலையத்தில் சந்திப்போம். நான் உடுப்புப் பார்சல் கொடுப்பேன், அவர் தேயிலைத்தூள் கொடுப்பார். தேயிலையைக் கந்தோர்ப் பையன்களுக்குக் கொடுத்துவிடுவேன்.

இதைவிடக் கேவலம் இருக்கிறது. ஒன்பது வருடத்துக்கு முன் படியேறும்போது நெஞ்சு இறுகி, கட்டுகஸ்தோட்டையில் ஒரு வயதான டொக்டரிடம் போனேன். அவர் என் குதிகாலைப் பார்த்தார், இரத்தம் எடுத்தார். இது குடும்பத்தில் வருவது, அண்ணனுக்கும் உங்கள் பிள்ளைக்கும் உடனே பார்க்க வேண்டும் என்றார். சரி என்றேன். அன்றிலிருந்து கொலஸ்ட்ரோலுக்குத் தினமும் ஒரு குளிசை. கந்தோர் மேசை லாச்சியில், பழைய சுற்றறிக்கைகளுக்குக் கீழே. வீட்டுக்குக் கொண்டுவந்தால் வசந்தி ஏன் என்று கேட்பாள். ஏன் என்று தொடங்கினால் அப்பாவில் போய் நிற்கும். அப்பாவில் நின்றால் லயம்.

இன்றைக்கும் மத்தியானம் போட்டேன். தண்ணீர் குடித்தேன். என் உயிர் பத்திரம்.

ஜூன் 9, ஞாயிறு

பனி. துணி காயவில்லை.

காலை: ஓட்ஸ். தர்ஷி ஒரு கரண்டி வாயில் வைத்து, "அப்பா, சுவருக்கு அடிக்கிற சாமான் மாதிரி இருக்கு" என்றாள். மத்தியானம்: சிவப்பரிசி, கீரை, மீன் அவியல். எண்ணெயை வசந்தி தேக்கரண்டியால் அளக்கிறாள், நகைக்கடைக்காரன் மாதிரி. தனக்கு மீனும் இல்லை. மூன்று நாளாகச் சோறும் ரசமும் மட்டும். கேட்டால் பசியில்லை.

மாமியார் யாழ்ப்பாணத்திலிருந்து போன். ஸ்பீக்கர் போடாமலே கூடம் முழுக்கக் கேட்டது. "ஒரு பிள்ளையை ஒழுங்காச் சாப்பாடு குடுத்து வளர்க்கத் தெரியேல்லையோ உனக்கு? கண்டிக்குப் போய் என்னத்தை ஆக்கிப்போட்டனி?" வசந்தி, "ஓம் அம்மா. ஓம். என்ர பிழைதான்" என்றாள்.

நான் பேப்பரை உயர்த்திப் பிடித்துக்கொண்டேன். அது நேற்றைய பேப்பர்.

ஜூன் 11, செவ்வாய்

கந்தோர் போனில் பெரியண்ணன். 10.40. "தம்பி, நான்தான். ரமேசு நெஞ்சப் புடிச்சுக்கிட்டு வுழுந்துட்டான். கண்டிக்குக் கொண்டாந்துட்டோம். நீ வேலையா இருந்தா வர வேணாம்."

ரமேஷ் பெரியண்ணனின் மூத்த மகன். முப்பத்தொன்று. ஹுன்னஸ்கிரியவில் த்ரீவீல் ஓட்டுகிறான். நாலு வயதில் ஒரு பெண் பிள்ளை.

மத்தியானம் போனேன். இதய வார்ட். மூக்கில் குழாய், மார்பில் வயர்கள். உயிருக்கு ஆபத்துத் தாண்டிவிட்டது என்றார்கள். கால்மாட்டில் போர்வை விலகியிருந்தது. குதிகாலில் அதே கட்டி. இழுத்து மூடிவிட்டேன். யாரும் பார்க்காமலா, அவனுக்குக் குளிராமலா, தெரியவில்லை.

பெரியண்ணன் வராந்தாவில், தோளில் துண்டு. முகம் இரண்டு நாள் மழிக்காதது. "நர்ஸம்மா கொழுப்புச் சாப்பாட்டக் கொறைங்கன்னு சொல்லுது தம்பி. எங்க வீட்ல ஏது கொழுப்பு? காலையில ரொட்டியும் சம்பலும், ராவுக்குச் சோறும் கீரையும். கறி தீவாளிக்கு. இந்தப் பயலுக்கு எங்கேருந்து வந்துச்சு?"

எனக்குத் தெரியும் எங்கேயிருந்து என்று. ஒன்பது வருடமாகத் தெரியும். "எல்லாம் சரியாப் போகும்ணே" என்றேன்.

"டாக்டரு கேட்டாரு, ஒங்க குடும்பத்துல வேற யாருக்கும் இருக்கா, கூடப்பொறந்தவங்க யாருன்னு. நான் ஒன்னயப் பத்திச் சொல்லல, பயப்படாத. தம்பி ஒருத்தன் இருந்தான் செத்துட்டான்னேன். வேற யாரும் இல்லேன்னுட்டேன். ஒனக்குப் பிரச்சினை வந்துறக் கூடாதுல்ல?"

அதைச் சொல்லும்போது சிரித்தார். எனக்கு ஏதோ நல்லது செய்துவிட்ட சிரிப்பு.

வெளியே வந்து மணிக்கூட்டுக் கோபுரம் வரைக்கும் நடந்தேன். ஒரு கடையில் தேத்தண்ணி. முழுக்கக் குடிக்க முடியவில்லை. வெட்கத்தில் காது சுடும் என்பார்களே, உண்மைதான்.

ஜூன் 12, புதன்

சொல்ல நினைத்த இடங்கள்:

காலை, வசந்தி தலை வாரும்போது. மெனிக்கே பூப் பறிக்க வந்துவிட்டார்.

பின்னேரம், தேத்தண்ணியோடு. "வசந்தி, ஒரு விசயம்" வரைக்கும் வந்தேன். "குழாய்க்காரன் வந்தவனோ?" என்று முடித்தேன்.

சாப்பாட்டு மேசை. தர்ஷி கம்பஸில் மயக்கம் வந்தது என்றாள். காலையில் சாப்பிடவில்லையாம். கொழுப்பில்லாத சாப்பாடு எது என்று தெரியாமல் சாப்பிடாமலே போயிருக்கிறாள். வசந்தி எழுந்து போய்ப் பைப்பைத் திறந்துவிட்டு அழுதாள். பாத்திரம் ஒன்றும் இல்லை கழுவ.

நான் மேசையில் இருந்தேன். மீனில் முள் எடுத்தேன்.

ஜூன் 13, வியாழன்

சொல்லிவிட்டேன்.

அரை நாள் லீவு போட்டேன். லாச்சியிலிருந்து குளிசை அட்டையை எடுத்துச் சட்டைப் பையில் வைத்து வந்தேன். தர்ஷிக்கும் விரிவுரை இல்லை. இரண்டு பேரும் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்கள். அட்டையைக் கீரைக்குப் பக்கத்தில் வைத்தேன். நின்றபடியே சொன்னேன்: தோட்டம், லயம், அப்பா, சின்னண்ணன், பெரியண்ணன் இருப்பது, ரமேஷ் வார்டில் கிடப்பது. மாத்தளைச் சித்தப்பா சித்தப்பா இல்லை. குளிசை. கட்டுகஸ்தோட்டை டொக்டர் சொன்னது. ஒழுங்கில்லாமல், முன்னுக்குப் பின். நடுவில் என் பேச்சு மாறிவிட்டது. "எங்கப்பா குந்துனவரு எந்திரிக்கவே இல்ல" என்று என் வாயிலிருந்து வந்தது. தர்ஷி நிமிர்ந்து பார்த்தாள். இப்படி ஒரு அப்பாவை அவள் கேட்டதில்லை.

வசந்தி தோட்டத்தைப் பற்றிக் கத்துவாள் என்றுதான் இருபத்தாறு வருடம் பயந்தேன். அதைப் பற்றி அவள் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. அட்டையைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தாள்.

"எத்தினை வருசமா?"

"ஒன்பது."

அட்டையைக் கீரைக்குப் பக்கத்தில் திரும்ப வைத்தாள்.

"அப்ப பிள்ளைக்குப் பதின்மூண்டு வயது."

பிறகு கீரையை எடுத்துக்கொண்டு குசினிக்குப் போய்விட்டாள். நான் தயாரித்து வைத்திருந்த மன்னிப்பு முழுவதும் அப்படியே நின்றது. அவள் இன்னும் குசினியில். நான் கூடத்தில் இருந்து எழுதுகிறேன்.

தர்ஷி மட்டும் ஒன்று கேட்டாள். "ரமேஷ் அண்ணாவுக்கு எத்தினை வயது?" முப்பத்தொன்று என்றேன். விரல் விட்டு எண்ணினாள். என் மகள், தனக்கு மிச்சம் எத்தனை என்று எண்ணினாள். அதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஜூன் 14, வெள்ளி

மழை. நம்பர் இல்லாமலே போனோம், கடைசி ஆளாகக் கூப்பிட்டார்கள்.

டொக்டர் ஏசவில்லை. ஏசியிருக்கலாம். பழைய வரியை ஒரு கோடால் வெட்டிவிட்டு வெள்ளைத்தாளில் கட்டமும் வட்டமும் போடத் தொடங்கினார். ஆணுக்குக் கட்டம், பெண்ணுக்கு வட்டம். "பேரும் வயசும் சொல்லுங்க." சொன்னேன். இறந்தவர்களுக்குக் குறுக்கே ஒரு கோடு. இந்த நோய் வருத்தம் உள்ளவர்களுக்குக் கட்டத்தைக் கறுப்பாக்கினார். என் கட்டத்தைக் கறுப்பாக்கும்போது பேனை மை தீர்ந்தது. வசந்தி கைப்பையிலிருந்து தன் பேனையை எடுத்துக் கொடுத்தாள்.

அப்பாவின் பெயரை வாய்விட்டுச் சொல்லி எத்தனை காலம். ராக்கன். டொக்டர் எழுத்துக் கூட்டிக் கேட்டார். இரண்டு தரம் சொன்னேன். இரண்டாவது தரம் கொஞ்சம் சத்தமாக.

"ஒவ்வொரு புள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. மகளுக்கு இன்டைக்கே மருந்து தொடங்குவோம். கலியாணம் பேசக்குள்ள என்கிட்ட வந்து சொல்லணும், புள்ள பெற முன்னுக்கு நிப்பாட்டணும். சாப்பாட்டுக் கட்டுப்பாடும் வேணும், ஆனா பட்டினி வேணாம். மீன், பருப்பு, மரக்கறி, கொஞ்சம் கச்சான் கடலை எல்லாம் சாப்பிடலாம்." பிறகு வசந்தியைப் பார்த்து, "அம்மா, இது உங்கட சமையலால வந்ததில்ல" என்றார்.

வசந்தி அப்போதுதான் அழுதாள். டொக்டர் டிஷு கொடுத்தார். நான் கையை நீட்டினேன், அவள் தோளை விலக்கிக்கொண்டாள்.

"அண்ணன், அவர்ட மத்தப் புள்ளைகள், ரமேஷ்ட மகள். எல்லாருக்கும் பார்க்கணும். யாரு கூட்டிட்டு வாற?"

"நான்," என்றேன்.

வசந்தி, "நாங்கள்" என்றாள். என்னைப் பார்க்காமல்தான்.

ஜூன் 15, சனி

வெயிலும் தூறலும். பகல் 12க்கு வார்ட் பார்வை நேரம். வசந்தி நேற்றே பால் விடாத சூப் வைத்திருந்தாள், சூடாக்கிப் பிளாஸ்கில் ஊற்றினாள். தர்ஷி நல்ல சட்டை போட்டிருந்தாள். கலியாண வீட்டுக்குப் போகிற மாதிரிப் போனோம் மூவரும், யாரும் பேசாமல்.

வழியில் ஒத்திகை பார்த்தேன். அண்ணே, இது என் பொஞ்சாதி. இது மக. இவ்வளவுதான். இரண்டு வசனம்.

ரமேஷ் தூக்கம். பெரியண்ணன் கட்டில் பக்கத்தில் நின்றிருந்தார். எங்களைக் கண்டதும் தோள் துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்தார். நான் வாய் திறக்குமுன், வார்ட் கேட்கிற சத்தத்தில்: "வாங்க சார். எதுக்கு சார் இவ்வளவு சிரமம்?" வசந்தியைப் பார்த்துக் கும்பிட்டார். "வணக்கம்ங்கம்மா. நான் சாரோட கந்தோருக்கு வந்து போற ஆளுங்க. எம் மகனுக்கு முடியலன்னு தெரிஞ்சு சார் பாக்க வந்திருக்காங்க. ரொம்ப நல்லவரும்மா."

என்னை ஒரு பார்வை பார்த்தார். பயப்படாதே, நான் பார்த்துக்கொள்கிறேன் என்கிற பார்வை.

அண்ணே என்று கூப்பிட வேண்டும். ஒரே ஒரு சொல். வீட்டில் எல்லாருக்கும் தெரிந்தாயிற்று, டொக்டரின் தாளில் எழுதியாயிற்று. வார்டில் என் கந்தோர் ஆள் ஒருவரும் இல்லை. இன்னும் யாருக்குப் பயந்தேனோ தெரியாது. சொல்லாமல் பிளாஸ்கைக் கட்டில் மேசையில் வைத்தேன்.

தர்ஷி சுவரோரம் இருந்த கதிரையை இழுத்துக்கொண்டு வந்து அவருக்குப் பின்னால் போட்டாள். "இருங்கோ பெரியப்பா," என்றாள்.

அண்ணன் கதிரையைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார், உட்காரலாமா என்று.